மிஸ்டர் விட்டுவிட்டு வந்த வீடு

மகனுக்கு,

நீ சுகமாயிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஈரப் புல்லில், கழுத்தில் விசிலைக் கொழுவிக்கொண்டு, புதுக் கழகத்தின் மழைச்சட்டையோடு நீ சிரித்தபடி நிற்கும் படத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் தன் கைபேசியில் காட்டினாள். ஆகவே சுகம் விசாரிக்கவில்லை. நாங்கள் சுகமா என்று நீயும் கேட்கவில்லை என்பதால் அதையும் எழுதவில்லை. வழக்கமாக உனக்கு எழுதினால் 'என்ரை ராசா' என்றுதான் தொடங்குவேன். இந்த முறை அந்தச் சொல் வரவில்லை. வரவேண்டும் என்று நானும் காத்திருக்கவில்லை.

மூன்று கிழமையாக உன்னைத் தொலைபேசியில் பிடிக்கப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை எடுத்தாய். ஒரு வசனம் சொன்னாய், வைத்துவிட்டாய். அந்த வசனத்துக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ச் சஞ்சிகைக்குக் கொடுத்திருக்கிறேன். சுவாமி வாசித்துவிட்டு, "அம்மா, இதை வீட்டுக்குள்ளை வைச்சுக் கதைக்கலாந்தானே," என்றார். வீட்டுக்குள் வைத்துக் கதைக்க அவன் வீட்டில் இல்லையே சுவாமி என்றேன். இன்னொன்றும் சொன்னேன். உனக்கு வழியனுப்பு விழா நடந்தது கோயில் மண்டபத்தில். கைதட்டியது முழுப் பங்குச் சனமும். எதற்குக் கைதட்டினோம் என்று அவர்களும் அறிந்துகொள்ளட்டும். முதலில் தட்டியவள் நான் என்பதால் அதைச் சொல்லவேண்டியவளும் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை உனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பூசை முடிந்து சனமெல்லாம் மண்டபத்துக்கு வந்தது. நீ பயிற்சி கொடுத்த அணிப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார், இத்தாலியரும்கூட, பின்வரிசையில் நின்றார்கள். இந்த நாட்டில் உதைபந்தாட்டப் பயிற்சியாளரை 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். உன்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் உனக்கு இருந்த பெருமை சாதாரணப் பெருமை அல்ல; அதன் காரணம் எனக்கும் உனக்கும்தான் தெரியும். நீ ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "தொண்ணூறு வருசத்துக்கு முன்னாலை ஒரு மனுசன் ஒரு சோடிச் சப்பாத்தோடை இங்கிலாந்திலையிருந்து இந்தப் பலேர்மோவுக்கு வந்தார். அவர் வந்த வழியாலை நான் திரும்பிப் போறன். ஒரு வேலைக்கெண்டே பிறந்தவன் பின்னாலை பார்க்கக்கூடாது." உன் மனைவி நிரோஷா றோல்ஸ் தட்டோடு கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ இரண்டு கிழமைப் பயிற்சி வகுப்புக்குப் போகிறாய் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீ எங்களுக்குச் சொன்னது அதுதான்.

பதினைந்தாம் நாள் உன் குரல் வந்தது. நிரோஷா வேலை செய்யும் வீட்டில் சட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தபோது கைபேசியில் வந்து விழுந்திருக்கிறது. அவள் அந்த வீட்டுக்காரியிடம் ஒன்றும் சொல்லாமல், ஏப்ரனையும் கழற்றாமல், மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் இருக்கும் என் இரண்டு அறைக்கு நடந்தே வந்தாள். "மாமி, இதைக் கேளுங்கோ. எனக்கு விளங்கினது சரியோ எண்டு சொல்லுங்கோ," என்றாள். கேட்டேன். நீ திரும்பி வரவில்லை, அவளும் மகளும் அங்கு வரவேண்டாம், பிள்ளைக்கு நிரோஷாவே ஏதாவது சொல்லவேண்டும், உனக்கு உன் வேலை மட்டும் போதும். நிரோஷா இரண்டாம் முறையும் போட்டாள். மூன்றாம் முறை நான் கைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். பன்னிரண்டு வருடம் உன்னோடு வாழ்ந்தவளுக்கு, தனக்கு விளங்கியது சரிதானா என்று இன்னொருவரிடம் கேட்கவேண்டிய நிலை. அதற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று நினைத்து மேலே வாசிக்காதே.

நீ மண்டபத்தில் அந்த ஆங்கிலேய மிஸ்டரை இழுத்தாய். சரி, மிஸ்டரைப் பற்றிக் கதைப்போம். அவருடைய கதை உனக்குப் பாதிதான் தெரியும். மற்றப் பாதியை உனக்குச் சொல்லாமல் வைத்தது என் குற்றம்.

நான் இருபத்துநாலு வருடம் வேலை செய்து பார்த்த வீட்டுக்கார அம்மா, சின்யோரா; அவருடைய தகப்பன்தான் மிஸ்டர். பெயர் ஆர்தர். இங்கிலாந்தின் வடக்கே பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கமும் உள்ள ஒரு சிறு நகரம். தகப்பன் சுரங்கத்தில் வேலை. இவரும் பதினாலு வயதில் உள்ளே இறங்கினார். முதல் உலக யுத்தம் முடிந்து ஆட்டங்கள் திரும்பத் தொடங்கியபோது, அந்த நகரத்துக் கழகம் இவரைச் சுரங்கத்திலிருந்து எடுத்து வலது ஓரத்தில் ஓடவிட்டது. நல்ல ஓட்டக்காரர்; அதை மறுக்கமாட்டேன். மழையில் ஊறி இரும்புக் குண்டாகிப்போன தோல் பந்தை, கோட்டை ஒட்டியே கொண்டுபோய், தலையால் அடிக்கத் தோதாக நடுவில் இறக்குவாராம். பந்தின் வார் தையல் நெற்றியைக் கிழித்த தழும்பு சாகும்வரை இருந்தது என்று சின்யோரா தன் நெற்றியில் விரல் வைத்துக் காட்டுவார். ஒருமுறை நாட்டு அணிக்கே தெரிவானார். ஆனால் மேலதிக ஆட்டக்காரராகத்தான். ரயிலில் போய், சட்டை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அதே சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். இதெல்லாம் உனக்கு மனப்பாடம்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர் கழகத்தின் உடைமை என்பதும் உனக்குத் தெரியும். ஏனென்றால் அதைச் சொல்லும்போது நீ எப்போதும் கோபப்படுவாய். ஒவ்வொரு வருடமும் கழகம் ஒரு பட்டியல் போடும். பெயர் பட்டியலில் இருந்தால் அவன் வேறு எங்கும் ஆட முடியாது. அந்தக் கழகம் அவனை ஆடவிடாவிட்டாலும், சம்பளம் கொடுக்காவிட்டாலும் போகமுடியாது. மிஸ்டரின் முழங்கால் ஒரு அரையிறுதி ஆட்டத்தில் திரும்பியது. அடுத்த வருடம் முழுக்க அவரை ஆடவிடவுமில்லை, போகவிடவுமில்லை. திரும்பச் சுரங்கத்துக்கு இறங்கினார். பிறகு ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, உன்னை விற்றாகிவிட்டது, நாளைக்கு ரயில் என்றார்கள். யாருக்கு விற்றார்கள் என்பதை ரயில் சீட்டைப் பார்த்துத்தான் அறிந்தார். சப்பாத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார். அந்தப் புதுக் கழகமும் மூன்று வருடத்தில் கைவிட்டது. முப்பது தாண்டிய, கால் நொண்டும் ஓர ஆட்டக்காரனை வேறு யார் எடுப்பார்கள்? அப்போதுதான் இந்த இத்தாலியத் தீவிலிருந்து ஆங்கிலப் பயிற்சியாளர் தேவை என்று ஒரு தந்தி போனது. அவர் வந்தார். இந்த ஊர்ப் பெடியளை விடியற்காலையில் கடற்கரையில் ஓடவிட்டார். தலையால் பந்தடிக்கப் பழக்கினார். சியாகுல்லிப் பக்கம் மந்தரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் மகளைக் கட்டினார். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது எதிரி நாட்டவன் என்று கொண்டுபோய் ஒரு மலைக்கிராமத்தில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்து, கிழவனாகும்வரை சிறு அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து, இந்த ஊரிலேயே செத்தார். நீ மண்டபத்தில் சொன்ன கதை இவ்வளவும்தான்.

நீ சொல்லாதது, உனக்குத் தெரியாதது இதுதான். அந்தத் தந்தி வந்த நாளில் அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். பஞ்சாலையில் நூல் சுற்றும் வேலை செய்தவள். நாலு வயதில் ஒரு மகனும் இருந்தான். ஒரு பருவம் மட்டும் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் ரயில் ஏறினார். கூப்பிடவேயில்லை. இரண்டாம் வருடம் இங்குள்ள பாதிரியாரிடம் தனக்குக் கலியாணமே நடக்கவில்லை என்று சத்தியம் செய்து, சின்யோராவின் தாயைக் கட்டினார். அவர் என்று நான் மரியாதையாக எழுதுவதுகூடச் சின்யோராவுக்காகத்தான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அந்தப் பெண் எழுதிய கடிதங்களை அவர் எரிக்கவில்லை. தன் சப்பாத்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அவர் செத்தபின் சின்யோரா எடுத்து வாசித்திருக்கிறார். கண் மங்கிப்போன கடைசி மூன்று வருடமும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மன்னாரில் கன்னியாஸ்திரிகள் படிப்பித்த ஆங்கிலத்தில், எழுத்துக் கூட்டி, நான் வாசித்தேன். முதல் கடிதங்களில் எப்போது வரட்டும் என்று கேட்டிருந்தாள். எந்தப் பெட்டி கொண்டுவரட்டும், அங்கு குளிருமா என்றெல்லாம் கேட்டிருந்தாள். பிறகு கேள்விகள் நின்றுவிட்டன. மகனைப் பற்றி மட்டும் எழுதினாள். 'அவனும் உங்களைப் போல வலது பக்கமாகவே ஓடுகிறான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.' அந்த வரியை வாசித்தபோது சின்யோரா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அன்றைக்கு வேறு வாசிக்கவில்லை. யுத்தம் தொடங்கியதும் கடிதங்களும் நின்றுபோயின.

நீ பன்னிரண்டு வயதில் ஊரிலிருந்து என்னிடம் வந்து இறங்கியபோது என்னோடு கதைக்க மாட்டாய். விமான நிலையத்தில் உன்னைக் கட்டிப் பிடித்தேன். பையைக் கட்டிப் பிடித்ததுபோல விறைத்துக்கொண்டு நின்றாய். அம்மா என்று கூப்பிடவில்லை. 'இஞ்சை' என்றாய், 'அங்கை' என்றாய், கதவைப் பார்த்துக் கதைத்தாய். பள்ளிக்கூடம் முடிந்து சின்யோரா வீட்டுக்கு வந்து நான் வேலை முடிக்கும்வரை சமையலறையில் இருப்பாய். ஒரு நாள் சின்யோரா மிஸ்டரின் படங்களை எடுத்துவந்து உனக்கு முன்னால் பரப்பினார். அவர் சொன்ன இத்தாலியன் உனக்கு அரைவாசியும் விளங்கியிருக்காது. ஆனால் மிஸ்டர் ஒரு பெரிய ஆட்டக்காரனின் கால்களுக்கு இடையால் பந்தைத் தட்டிவிட்ட கதைக்கு நீ சிரித்தாய். இந்த நாட்டில் நீ சிரித்த முதல் சிரிப்பு அது. நான் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்புக்காக எதையும் மறைக்க நான் தயாராக இருந்தேன். வருடக்கணக்காக மறைத்தேன். உன் அப்பா கடலில் செத்தபோது உனக்கு மூன்று வயது. பார்த்து வளர ஒரு ஆண் கிடைத்தான் என்று நினைத்தேன். எப்படிப்பட்ட ஆண் என்பதை மட்டும் உனக்குச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. நீ இங்கு வருவதற்கு முந்திய வருடம், ஆனி மாத வெயிலில், பகல் பதினொரு மணிபோல, சின்யோரா வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். எழுபது தாண்டிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம். இது தன் தகப்பன் வாழ்ந்த வீடு என்று கேள்விப்பட்டதாகவும், ஒரு படம் இருந்தால் பார்த்துவிட்டுப் போய்விடுவதாகவும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றும் சொன்னார். அவர் பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் தினமும் தூசு தட்டுகிற படத்தில் இருந்த அதே காதுகள்.

உள்ளே போய்ச் சின்யோராவிடம் சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பாகிப் போனது. நான் வீட்டில் இல்லை என்று சொல், இந்தக் குடும்பத்தில் ஒருவரும் மிச்சமில்லை என்று சொல் என்றார். நான் திரும்பி வந்து அப்படியே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, கிளாசை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். பிறகு ஆங்கிலத்தில், மெல்ல, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: அவரை எங்கே புதைத்திருக்கிறார்கள்?

எனக்குத் தெரியும். ஒவ்வொரு கார்த்திகையும் அந்தக் கல்லறைக்குப் பூ கொண்டுபோனது நான்தான். சின்யோராவின் தாய்வழிக் குடும்பக் கல்லறை. 'அர்த்தூரோ' என்று இத்தாலியப் பெயர் வெட்டியிருக்கும். யாராவது காட்டாவிட்டால் ஒரு ஆங்கிலேயன் அங்கு கிடக்கிறான் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

"தெரியாது," என்றேன்.

சின்யோரா அதைச் சொல்லச் சொல்லவில்லை. அது என் சொந்த வாயிலிருந்து வந்தது. அப்போது உன்னைக் கூப்பிடுவதற்கான கடதாசிகள் வதிவிட அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகத்தில், குவெஸ்தூராவில், கிடந்தன. எனக்கு வேலையும் இருக்க இடமும் உண்டென்று சின்யோரா கையெழுத்து வைத்தால்தான் அவை நகரும். அவர் மனம் கோணினால் என்னவாகும் என்று பயந்தேன். உனக்காகத்தான் பொய் சொன்னேன் என்று உன் தலையில் கட்டமாட்டேன். நாக்கு என்னுடையது. கிழவர் ஒரு துண்டுக் கடதாசியில் தன் முகவரியை எழுதி, வீட்டுக்காரி வந்தால் கொடுங்கள் என்று தந்துவிட்டுப் படியிறங்கினார். சின்யோரா அதை வாங்கி, கடிதங்களோடு பெட்டியில் போட்டார். கிழிக்கவில்லை. பின்னொரு நாள், கண் முற்றாக மங்கியபிறகு, என்னிடம் சொன்னார்: அவனுடைய தாயின் கலியாணம் உண்மையானால் என் தாயின் கலியாணம் பொய், அப்படியானால் நான் யார்? எண்பத்தைந்து வயதில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். உன் மிஸ்டர் இரண்டு வீட்டையும் ஒரே பொய்யால் உடைத்தார். இங்கிலாந்தில் ஒரு வீடு சத்தம் போட்டு உடைந்தது. பலேர்மோவில் ஒன்று சத்தமில்லாமல் உடைந்தது.

சின்யோரா போனபிறகு அந்த முகவரிக்கு எழுதினேன். கல்லறை எங்கே என்று, வரிசையும் இலக்கமும் போட்டு எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அவருடைய மகளிடமிருந்து பதில் வந்தது. அப்பா இறந்து பல வருடங்களாகிவிட்டன, தகவலுக்கு நன்றி என்று மரியாதையாக எழுதியிருந்தாள். அன்றைக்கு அந்த வாசலைவிட்டுப் போனபிறகும் அவர் ஊருக்குத் திரும்பவில்லையாம். ஒரு கிழமை முழுக்க இந்த நகரத்துக் கல்லறைத் தோட்டங்களில், ஒவ்வொரு கல்லாக, தகப்பனின் ஆங்கிலப் பெயரைத் தேடியிருக்கிறார். கடைசி நாள் ஏதோ ஒரு பெயர் தெரியாத கல்லில் பூவை வைத்துவிட்டு வந்தாராம். அந்தக் கடிதத்தை நான் மடித்து வைத்துவிட்டு, பல்லரோ சந்தைக்குப் போய் மீன் வாங்கி, சமைத்து, உனக்கும் கொடுத்தேன். நீ அன்று நல்லாயிருக்குது அம்மா என்றாய். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

இப்போது உன் வசனத்துக்கு வருகிறேன். "நீங்களும் என்னை விட்டிட்டுத்தானே வந்தனீங்கள்." அதைச் சொல்லிவிட்டு வைத்தாய்.  நிரோஷா பக்கத்தில் இருந்தாள். என்ன சொன்னவர் என்று கேட்டாள். சொல்லவில்லை. இப்போது முழுச் சனமும் வாசிக்கச் சொல்கிறேன்: ஓம். விட்டுவிட்டுத்தான் வந்தேன். உனக்கு ஐந்து வயது. உன்னைச் சின்னம்மாவின் இடுப்பில் கொடுத்துவிட்டு, நத்தார்ப் பண்டிகைக்கு வந்துவிடுவேன் என்று சொன்னேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரியும். உண்மையைச் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் ஏறமாட்டேன் என்று பயந்தேன். நீ ஏழு நத்தாருக்குக் காத்திருந்தாய் என்று சின்னம்மா பிறகு சொன்னாள். மூன்றாவது நத்தாருக்குப் பிறகு வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டாயாம். அது நான் உனக்குச் செய்தது. உன் மிஸ்டர் தன் மகனுக்குச் சொன்னதும் அதே மாதிரிப் பொய்தான். அந்த விடயத்தில் நானும் அவரும் ஒரே ஆட்கள். உனக்கு என்மேல் கோபம் இருந்தால் அது சரியான கோபம். எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்திரு.

ஆனால் நான் உன்னை வரவேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஏழு வருடமும் ஒரு கையெழுத்துக்காக வாசல் வாசலாக நின்றேன். சந்தியிலுள்ள தொலைபேசிக் கடையில் ஞாயிறு தோறும் வரிசையில் நின்று, நீ கதைக்கமாட்டேன் என்று ஓடிப்போனாலும், மற்றப் பக்கத்தில் நீ ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன். முதல் நாள் வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, கைக்கு வந்தது. அடுத்த நாள் உன் கடதாசிகளைத் தொடங்கினேன். நான் உன்னிடமிருந்து போகவில்லை, மகன். உன்னைக் கூப்பிடப் போனேன். நீ உன் மகளிடமிருந்து போகிறாய். இரண்டையும் ஒரே வசனத்தில் போட்டுவிட்டு வைக்கலாம் என்று நினைத்தாய், வைக்கவிடமாட்டேன்.

அந்தப் பட்டியலை நினைத்துப் பார். ஆடவும் விடாமல், போகவும் விடாமல் கழகம் மிஸ்டரின் பெயரைப் பிடித்து வைத்திருந்தது அநியாயம் என்று நீ எத்தனை தடவை மேசையில் குத்தியிருக்கிறாய். அவர் அந்தப் பஞ்சாலைப் பெண்ணுக்குச் செய்தது அதே அநியாயம்தான். அவளோடு வாழவுமில்லை, அவளை விடவுமில்லை. அவள் பெயரை ஒரு பெட்டிக்குள் பிடித்து வைத்திருந்தார். தனக்கு முதலாளிமார் செய்ததை வீட்டில் இருந்தவளுக்குச் செய்தார். நீ இப்போது நிரோஷாவின் பெயரை அதே பட்டியலில் போட்டிருக்கிறாய். பிரிவதானால் மனிசனாக வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லி, சட்டப்படி செய். அவளுக்கு முப்பத்துமூன்று வயது. பெட்டிக்குள் கிடக்க அவளை நான் விடமாட்டேன். நீ வராவிட்டால் அவளைச் சட்டத்தரணியிடம் நானே கூட்டிப்போவேன். எதிர்ப்பக்கத்தில் என் மகனுடைய பெயர் இருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் போவேன்.

வரைபடத்தில் பார்த்தேன். அந்தப் பெண் காத்திருந்த நகரம் உன் புது மைதானத்திலிருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலம். அங்கு போகலாம் என்று உனக்கு ஆசை வரும். மிஸ்டரின் முதல் மைதானத்தைப் பார்த்துப் படம் எடுத்துப் போட ஆசை வரும். போகாதே. அந்த ஊருக்கு உன்னைப் போன்றவர்களைத் தெரியும். நீ அங்கு அறிந்துகொள்ள ஒன்றுமில்லை. அறியவேண்டியதெல்லாம் இங்கே, உன் வீட்டில் மூன்று கோப்பை வைத்த மேசையில் இருந்தது.

கடைசியாக உன் மகளைப் பற்றி. நீ போன நாளிலிருந்து நிரோஷா பிள்ளையிடம் அப்பா வகுப்பில் இருக்கிறார் என்றே சொல்லிவந்தாள். நான் அவளிடம் சொன்னேன்: ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒருமுறை பொய் சொல்லி அதன் பலனை முப்பது வருடமாகச் சாப்பிடுகிறேன், இன்னொரு பிள்ளைக்கு நான் சொல்லமாட்டேன், நீயும் சொல்லவேண்டாம். அதற்கு அவள், "அப்ப நீங்களே சொல்லுங்கோ மாமி. எனக்கு வாய் வரேல்லை," என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது சொன்னேன். பல்லரோ சந்தைக்குள்ளால் போனோம். மீன்காரர் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்கள், வழி ஈரம். அப்பா இங்கிலாந்திலேயே வேலை செய்யப் போகிறார், எங்களோடு இருக்கத் திரும்பி வரமாட்டார் என்றேன். அது உன் பிழையுமில்லை, அம்மாவின் பிழையுமில்லை என்றேன். அவள் என் கையை விடாமல் நடந்தாள். ஒரு தண்ணீர்க் குட்டையைச் சுற்றிப் போனாள். பிறகு கேட்டாள்: "அப்பம்மா, பப்பா உங்களிட்டைச் சொன்னவரோ?"

"இல்லை. அம்மாவுக்குச் சொன்னவர்."

"எனக்கு?"

"உனக்குச் சொல்லேல்லை."

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. உன்னைப் போலவே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.  பள்ளிக்கூட வாசலில் பையை வாங்கும்போது சொன்னாள், இந்த மாதக் கடைசியில் அவர்களுடைய வகுப்பு நாடகம் போடுகிறதாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்வரிசையில் இரண்டு இருக்கையாம், ஒன்றில் அம்மாவின் பெயரும் மற்றதில் அப்பாவின் பெயரும் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். "டீச்சரிட்டைச் சொல்லி மாத்திறன்," என்றாள். "மற்றது உங்களுக்கு."

மாற்றிவிட்டாள். பெயரெழுதிய அட்டையை நேற்றுக் கொண்டுவந்து காட்டினாள். அந்த இருக்கையில் நான் உட்காரப்போகிறேன். நீ நாடகத்துக்கு வந்தால் பின்னால் நின்று பார், உனக்காக எழும்பமாட்டேன்.

அம்மா